நியூட்ரலும் எர்த்தும் கைகோக்கும் ஒரே இடம்: அமெரிக்க வீட்டு மின் இணைப்பின் விதி

தமிழ்நாட்டில் வயரிங் வேலை பழகுகிறவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு: வீட்டுக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நியூட்ரல் மின்வாரியத்தின் கம்பத்திலிருந்து வருவது. எர்த் நம் வீட்டு வாசலில் நாமே குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் பதித்த குழாயிலிருந்து வருவது. இந்தப் பாடத்தோடு அமெரிக்காவுக்குச் சென்று, தான் வாங்கிய வீட்டின் மின்பேனலை முதன்முறையாகத் திறந்து பார்க்கும் தமிழர் திடுக்கிடுவது இயல்பே. வெள்ளை உறை போட்ட நியூட்ரல் கம்பிகளும் உறையில்லாத வெறும் செம்பு எர்த் கம்பிகளும் ஒரே உலோகப் பட்டையில் பக்கம் பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டையின் ஒரு முனையில் பச்சை நிறத் தலையுள்ள திருகு ஒன்று, பட்டையைத் துளைத்துக்கொண்டு பின்னாலிருக்கும் இரும்புப் பெட்டியைக் கடித்துப் பிடித்திருக்கும். நம் ஊர்க் கண்ணுக்கு இது பச்சையான பிழை. அங்கோ அந்தத் திருகு இல்லாவிட்டால்தான் ஆய்வாளர் இணைப்புக்கு ஒப்புதல் தர மாட்டார்.

வியப்பு அத்தோடு முடிவதில்லை. அதே வீட்டின் கராஜில் துணைப் பேனல் ஒன்று இருந்து, அதிலும் இதே போல வெள்ளைக் கம்பியையும் செம்புக் கம்பியையும் ஒரே பட்டையில் முறுக்கி வைத்திருந்தால், அது விதிமீறல். மெயின் பேனலில் கட்டாயமாக இருப்பது, இருபது அடி தள்ளியிருக்கும் பேனலில் குற்றமாகிவிடுகிறது. விதியை மனப்பாடம் செய்தவர்கள் பலர் உண்டு. இந்த முரண் ஏன் முரணே அல்ல என்று விளக்குபவர்கள் குறைவு. அதற்கு, பிழை நேரும்போது, அதாவது மின்சாரம் ஏந்தும் கம்பி தொடக் கூடாத உலோகத்தைத் தொட்டுவிடும்போது, மின்னோட்டம் எந்த வழியாகத் தன் ஊற்றுக்குத் திரும்புகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு முதலில் 1897 இல் வெளிவந்தது. இன்று அதைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. அது தன்னளவில் சட்டமல்ல. மாநிலமோ நகரமோ அதை ஏற்று அறிவிக்கும்போதுதான் சட்டமாகிறது. ஆகவே ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகள் நடப்பில் இருக்கலாம். எர்த்தையும், உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிணைப்பையும் பேசுவது அதன் 250 ஆம் பிரிவு. மின்பணியாளர்களை அதிகம் குழப்பும் பிரிவு எது என்று கேட்டால் பெரும்பாலும் இதையே சொல்வார்கள், அதற்குப் பாதிக் காரணம் அதன் பெயர் சூட்டலே. வேலை செய்யும் நியூட்ரலை அது ‘கிரவுண்டட் கண்டக்டர்’ என்றும், பிழையின்போது மட்டும் மின்னோட்டம் ஏந்தும் எர்த் கம்பியைக் ‘கிரவுண்டிங் கண்டக்டர்’ என்ற சொல்லை வைத்தும் அழைக்கிறது. சொல்லின் கடைசி அசை மாறினால் கம்பியே மாறிவிடுகிறது. பிழையில்லாமல் படிக்க வேண்டிய ஒரு நூலுக்கு இதைவிட மோசமான பெயரிடலை நினைத்துப் பார்ப்பது கடினம். இந்தக் கட்டுரையில் நான் நியூட்ரல், எர்த் என்றே சொல்கிறேன்.

இனிக் கம்பத்துக்குப் போவோம். அமெரிக்கத் தெருவில் கம்பத்தின் மேல் உருளையாகத் தொங்கும் டிரான்ஸ்பார்மர், சில வீடுகளுக்கு மட்டும் மின்சாரம் தரும் சிறிய ஒன்று. அதன் இரண்டாம் சுருளின் இரு முனைகளுக்கு நடுவே 240 வோல்ட். சுருளின் நட்டநடுவிலிருந்து எடுத்த கம்பியே நியூட்ரல். ஆகவே எந்த முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். கம்பத்திலிருந்து வீட்டை நோக்கி வரும் கம்பித் தொடரை அண்ணாந்து பார்த்தால், முறுக்கிய மூன்று கம்பிகள் தெரியும்: இரண்டு கருப்பு உறை போட்டவை, மூன்றாவது உறையே இல்லாத வெறும் அலுமினியம். மற்ற இரண்டின் எடையையும் தாங்கிக்கொண்டு, நியூட்ரலாகவும் வேலை செய்வது அந்த வெறும் கம்பிதான். நான்காவது கம்பி கிடையாது. மின் நிறுவனம் தனியாக எர்த் என்று எதையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லா விதிகளும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

இப்போது மெயின் பேனலில் அந்தப் பச்சைத் திருகு இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் எர்த் கம்பிகளெல்லாம் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டு, மண்ணில் அடித்த எட்டடித் தண்டு ஒன்றில் முடிகின்றன. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒரு கம்பியின் உறை தேய்ந்து, 120 வோல்ட் அதன் உலோக உடலைத் தொடுகிறது. மின்னோட்டம் எர்த் கம்பி வழியே தண்டுக்கு வந்து, மண்ணுக்குள் இறங்கி, மண்ணைக் கடந்து, கம்பத்தடியில் உள்ள டிரான்ஸ்பார்மரின் தண்டில் ஏறி, சுருளுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுத் தண்டின் தடை 25 ஓம் என்று கொண்டால், கம்பத்துத் தண்டின் தடையைக் கணக்கில் சேர்க்காமலே, 120 ஐ 25 ஆல் வகுக்கக் கிடைப்பது 4.8 ஆம்பியர். அந்தச் சுற்றில் இருப்பதோ 20 ஆம்பியர் பிரேக்கர். 4.8 ஆம்பியரை அது ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் சுமையாகவே காணும். நாள் முழுக்க, மாதம் முழுக்கத் தட்டாமல், அதாவது சுற்றைத் துண்டிக்காமல் இருக்கும். இயந்திரத்தின் உடலோ ஏறத்தாழ 120 வோல்ட்டிலேயே நின்று, ஈரக் கையோடு வருபவருக்காகக் காத்திருக்கும். எர்த் தண்டு அடித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

பச்சைத் திருகை முறுக்கிவிட்டால் கதை மாறுகிறது. அதே பிழை, அதே எர்த் கம்பி; ஆனால் மின்னோட்டம் மெயின் பேனலுக்கு வந்ததும் மண்ணை நாட வேண்டியதில்லை. திருகு வழியாக நியூட்ரல் பட்டைக்கு ஏறி, அங்கிருந்து அந்த வெறும் அலுமினியக் கம்பி வழியாக நேரே டிரான்ஸ்பார்மரின் நடு முனைக்குப் போய்விடுகிறது. முழுக்க முழுக்க உலோகப் பாதை. அதன் மொத்தத் தடை கால் ஓம் என்றால் 480 ஆம்பியர் பாயும். 20 ஆம்பியர் பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். பிரேக்கரைத் தட்ட வைப்பது கம்பி, மண் அல்ல. விதித்தொகுப்பும் இதை ஒளிக்காமல் சொல்கிறது: பிழை மின்னோட்டம் திரும்பும் பயனுள்ள பாதையாகப் பூமியைக் கருதக் கூடாது என்பது 250 ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே உள்ள வாசகம். மற்ற விதிகளை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காத மின்பணியாளர் பெரிய தவறு செய்ய மாட்டார் என்பது என் கருத்து.

அப்படியானால் மண்ணில் தண்டு எதற்கு? அதற்கு வேறு வேலைகள் உள்ளன. மின்னல் இறங்கும்போதோ, பல ஆயிரம் வோல்ட் உள்ள மேல்கம்பி அறுந்து கீழ்க்கம்பியின் மேல் விழும்போதோ, வீட்டு வயரிங் முழுவதும் நிலத்தைவிட மிக உயர்ந்த மின்னழுத்தத்துக்குத் தூக்கப்பட்டுவிடாமல் பிடித்து வைப்பது அது. டிரான்ஸ்பார்மருக்குள் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும் பிழைக்கும் இதே காப்பு. நியூட்ரலை நிலத்தோடு சேர்ப்பது நல்லதா கெட்டதா என்பதே அந்நாட்டில் தொடக்க காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது; நிலத்துக்கு 150 வோல்ட்டுக்கு மேற்படாத அமைப்புகளில் அது கட்டாயம் என்று 1913 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முடிவானது. ஆக, தண்டு காப்பது வெளியிலிருந்து வரும் ஆபத்திலிருந்து. பச்சைத் திருகு காப்பது வீட்டுக்குள் நேரும் பிழையிலிருந்து. முன்னதன் பெயர் கிரவுண்டிங், பின்னதன் பெயர் பாண்டிங். இரண்டையும் ‘எர்த்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் நம் பேச்சில் குழப்பம் வருகிறது.

பாண்டிங்குக்கு மண்ணே தேவையில்லை என்பதற்கு நீச்சல் குளத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிகள், ஏணி, கைப்பிடி, பம்பு மோட்டாரின் உடல், சுற்றியுள்ள நடைதளம் எல்லாவற்றையும் அமெரிக்கக் கம்பி அளவுமுறையில் 8 ஆம் எண் தடிமனுள்ள திடச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் அந்தக் கம்பியை மெயின் பேனலுக்கோ மண்ணில் அடித்த தண்டுக்கோ கொண்டுபோகச் சொல்வதில்லை. நோக்கம், நனைந்த உடலோடு நிற்பவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எந்த இரண்டு பொருளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு இல்லாமல் செய்வது மட்டுமே. குளமே பத்து வோல்ட்டில் இருந்தாலும், அதிலுள்ள எல்லாமே அதே பத்து வோல்ட்டில் இருந்தால் உடல் வழியே எதுவும் பாயாது.

இனி, ஏன் ஒரே இடம்? பிணைப்பு வேண்டும் என்றால் இரண்டு இடத்தில் செய்வது இன்னும் நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். நியூட்ரல் என்பது எப்போதும் மின்னோட்டம் ஏந்தும் கம்பி. எர்த் என்பது பிழை நேரும் அந்த ஒரு நொடியைத் தவிர வேறெப்போதும் எதையும் ஏந்தக் கூடாத கம்பி. மெயின் பேனலில் ஒருமுறையும் கராஜின் துணைப் பேனலில் மறுமுறையும் இரண்டையும் சேர்த்துவிட்டால், அவ்விரு பேனல்களுக்கும் நடுவே நியூட்ரலும் எர்த்தும் இணைச்சுற்றாகிவிடுகின்றன. கராஜில் ஓடும் அரவை இயந்திரத்தின் திரும்பும் மின்னோட்டம், தடைக்கேற்ப இரண்டிலும் பங்கு பிரிந்து பாயும். எர்த் பாதை உலோகக் குழாயாக இருந்தால் அந்தக் குழாயும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும், அதைத் தொட்டுச் செல்லும் காற்றுக்குழாயும் எப்போதும் மின்னோட்டம் ஏந்தும். தளர்ந்த மூட்டுகளில் சூடேறும். இது மெல்லிய தொல்லை. கொடியது, பேனல்களுக்கிடையே உள்ள நியூட்ரல் ஒருநாள் கழன்றுபோவது. அப்போதும் கராஜில் விளக்கெரியும், இயந்திரம் ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஏனென்றால் மொத்த மின்னோட்டமும் எர்த் கம்பி வழியே திரும்பிக்கொண்டிருக்கும். பிறகு எர்த்தும் ஓரிடத்தில் விட்டுப்போனால், துணைப் பேனலின் பெட்டியிலிருந்து ரம்பத்தின் உடல் வரை எல்லா உலோகமும் 120 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

ஆகவே விதி இப்படி நிற்கிறது: மின் நிறுவனத்தின் கம்பி முடிந்து வீட்டின் வயரிங் தொடங்கும் எல்லையில், அதாவது வீட்டின் முதல் துண்டிப்புச் சுவிட்சில், ஒரே ஒரு பிணைப்பு. அந்த எல்லைக்கு முன்னால் எர்த் என்று தனிக்கம்பி இல்லாததால், மீட்டர் பெட்டி போன்ற உலோகங்களை நியூட்ரலோடே சேர்த்துக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டியபின் இரண்டும் தனித்தனிப் பாதை. கடைசி விளக்கு வரை மறுபடி சந்திக்கக் கூடாது. துணைப் பேனலுக்கு நான்கு கம்பிகள் போக வேண்டும். அங்கே நியூட்ரல் பட்டை பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் தாங்கியில் நிற்கும், எர்த் பட்டை பெட்டியோடு திருகப்பட்டிருக்கும்.

இந்த விதிக்கு நீண்ட காலம் ஒரு விலக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. மின்னடுப்புக்குப் போகும் தொடரில் ஒரு கம்பியை மிச்சப்படுத்துவதற்காக, அடுப்பின் உலோக உடலை நியூட்ரலோடே சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பின்னால் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் அது பொருந்தியது. போர் முடிந்தது, தட்டுப்பாடு தீர்ந்தது, விலக்கு மட்டும் அரை நூற்றாண்டு நிலைத்தது. 1996 ஆம் ஆண்டுப் பதிப்புதான் புதிய சுற்றுகளுக்கு அதை நீக்கியது. பழைய வீடுகளில் இன்றும் மூன்று துளைச் சாக்கெட்டுகள் இருப்பதன் காரணம் இதுவே. புது வீட்டுக்குக் குடிபோகிறவர் பழைய உலர்த்தியைத் தூக்கிக்கொண்டு போனால், சுவரில் நான்கு துளை, கையில் மூன்று முள். கடையில் நான்கு முள் வயர் வாங்கி மாற்றுவது எளிது. ஆனால் இயந்திரத்தின் பின்மூடியைக் கழற்றினால், நடுத் திருகிலிருந்து உடலுக்குப் போகும் ஒரு சிறு செம்புப் பட்டையோ துண்டுக் கம்பியோ தெரியும். நியூட்ரலை உடலோடு சேர்க்கும் பழைய பிணைப்பு அதுதான். புது வயர் போடும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டாலும் உலர்த்தி நன்றாகவே ஓடும் என்பதால், பலர் அந்த வேலையைச் செய்வதே இல்லை.

தனிக் கட்டடங்களின் கதையும் இதைப் போன்றதே. தோட்டத்து மூலையில் உள்ள தனிக் கராஜுக்கு மூன்று கம்பிகள் மட்டும் இழுத்து, அங்கே மீண்டும் நியூட்ரலைப் பிணைத்துக்கொள்ள முன்பு சில நிபந்தனைகளோடு வழியிருந்தது. 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிய வேலைகளுக்கு அது இல்லை. நான்காவது கம்பியும் போக வேண்டும். அக்கட்டடத்துக்கென்று தனியாகத் தண்டு அடிப்பது அப்போதும் கட்டாயம். ஆனால் அது எர்த் பட்டையோடு சேரும், நியூட்ரலோடு அல்ல. தண்டு அடிக்கிறோமே, பின் எதற்கு நான்காவது கம்பி என்று கேட்பவருக்குப் பதில் மேலே செய்த வகுத்தலிலேயே இருக்கிறது.

தண்டைப் பற்றிய விதியையும் சற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு தண்டு மட்டும் அடித்தால் அதன் தடை 25 ஓம் அல்லது அதற்குக் குறைவு என்று நிறுவ வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது ஆறடி தள்ளி இரண்டாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதைச் சேர்த்த பிறகு தடை எவ்வளவு என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. அளக்கும் கருவி விலை அதிகம், தண்டு விலை குறைவு. எனவே மின்பணியாளர்கள் எடுத்த எடுப்பிலேயே இரண்டு தண்டுகளை அடித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் நல்ல நிலத்தொடர்பு தருவது வீட்டின் அடித்தளமே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வறண்ட அரிசோனா மாநிலத்தில் படைக்கருவிக் கிடங்குகளை மின்னலிலிருந்து காக்க வேண்டியிருந்தபோது, ஹெர்பர்ட் உஃபர் என்ற பொறியாளர் கான்கிரீட்டுக்குள் புதைந்த முறுக்குக் கம்பிகளையே மின்முனையாகப் பயன்படுத்தினார். கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சித் தேக்கி வைக்கும், பரப்பும் பெரிது. இன்று புது வீட்டின் அடித்தளத்தில் அரை அங்குலத் தடிமனில் இருபது அடி நீளத்துக்கு அத்தகைய கம்பி இருந்தால் அதைக் கட்டாயம் இணைக்க வேண்டும். இதில் நேரும் இடர், காலம் சார்ந்தது: கான்கிரீட் ஊற்றும் நாளில் மின்பணியாளர் அங்கே இருப்பதில்லை, ஊற்றிய பிறகு அவர் வந்து பயனுமில்லை.

எத்தனை மின்முனைகள் இருந்தாலும் அவையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பு. கேபிள் டிவிக்காரரும் தொலைபேசிக்காரரும் தத்தம் தண்டை அடித்துத் தனியே விட்டுச் சென்றால், பக்கத்தில் மின்னல் இறங்கும்போது ஒவ்வொரு தண்டும் ஒவ்வோர் அழுத்தத்தில் நிற்கும். அந்த வேறுபாடு முழுவதையும் கேபிளும் மின்கம்பியும் சந்திக்கும் ஒரே இடமான தொலைக்காட்சிப் பெட்டி தாங்க வேண்டியிருக்கும். தொழிற்சாலைகளில் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்துக்கு ‘சுத்தமான தனி எர்த்’ வேண்டும் என்று கேட்டுத் தனித் தண்டு அடித்து, கட்டடத்தின் எர்த்திலிருந்து அதை அறுத்து விடும் வழக்கமும் இதே வகைத் தவறுதான். கூடுதலாகத் தண்டு அடிக்க விதி தடை சொல்வதில்லை. அதை மட்டுமே நம்பி எர்த் கம்பியை விடுவதைத்தான் தடுக்கிறது.

நியூட்ரலின் மேல் இத்தனை பொறுப்பைச் சுமத்தும் அமைப்பில், கம்பத்திலிருந்து வரும் அந்த ஒரே நியூட்ரல் அறுந்தால் என்னவாகும்? ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் 12 ஓம் தடையுள்ள 1,200 வாட் சூடேற்றியும், மறுபக்கத்தில் 120 ஓம் தடையுள்ள 120 வாட் கருவியும் ஓடுகின்றன. நியூட்ரல் போய்விட்டால் இரண்டும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர்ச்சுற்றாகிவிடும். சூடேற்றிக்குக் கிடைப்பது சுமார் 22 வோல்ட், சின்னக் கருவியின் தலையில் விழுவது சுமார் 218 வோல்ட். வீட்டில் சில விளக்குகள் மங்குவதும் சில கண்கூசுமளவு பிரகாசிப்பதும் இதன் அடையாளம். இரண்டு தண்டுகளால் இதைச் சமன்செய்ய முடியாது, அவற்றின் தடை அத்தனை அதிகம். ஆனால் தெரு முழுவதும் உலோகத் தண்ணீர்க்குழாய் ஓடும் பழைய பகுதிகளில், நம் வீட்டு நியூட்ரல் மின்னோட்டம் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்குள்ள பச்சைத் திருகில் ஏறி, அவர்களுடைய நியூட்ரல் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிவிடும். அறுந்தது பல மாதங்களுக்குத் தெரியாமலே போகலாம். தெரிய வருவது, குழாயை அறுக்க வந்த பிளம்பரின் இரு கைகளுக்கு நடுவே. குழாயை வெட்டும் முன், வெட்டும் இடத்தின் இரு புறத்தையும் இணைக்கும் தாண்டுகம்பி போட வேண்டும் என்று அனுபவமுள்ள பிளம்பர்கள் சொல்வது வெறும் எச்சரிக்கையல்ல.

இங்கேதான் நம் ஊர் முறையோடு ஒப்பிடுவது பொருள்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளிலும் இலங்கை வீடுகளிலும் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் நிலத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டின் எர்த் வீட்டுக் குழியோடு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது மண் மட்டும். வீட்டுக் குழி 8 ஓம், டிரான்ஸ்பார்மர் குழி 2 ஓம் என்று நல்ல நிலையையே எடுத்துக்கொண்டாலும், 230 வோல்ட்டில் பாயும் பிழை மின்னோட்டம் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் அசையாது; கிரைண்டரின் உடலோ 184 வோல்ட்டில் நிற்கும். அதனால்தான் இந்த முறையில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே தட்டும் ஆர்.சி.சி.பி., இலங்கையில் பலர் சொல்லும் ‘ட்ரிப் சுவிட்ச்’, விருப்பப் பொருளல்ல, அமைப்பின் இன்றியமையாத உறுப்பு. பச்சைத் திருகு அங்கே செய்யும் வேலையை இங்கே அந்தக் கருவி செய்கிறது. இதில் ஓர் இலாபமும் உண்டு: தெருவில் நியூட்ரல் அறுந்தால், ஏறும் அழுத்தம் நம் வீட்டுக் குளிர்பெட்டியின் உடலுக்கு வராது. அமெரிக்க முறையில் வரலாம். அங்கே மின் நிறுவனம் தன் நியூட்ரலை ஒரு மைல் தூரத்துக்குள் குறைந்தது நான்கு இடங்களில் நிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று வைத்திருப்பது இந்த ஆபத்தைக் குறைக்கவும்தான்.

ஒவ்வொரு முறையும் தன்னளவில் முழுமையானது. ஒன்றின் துண்டை வெட்டி மற்றொன்றில் ஒட்டுவது ஆபத்து. நம் ஊரில் எர்த் கம்பியே இல்லாத பழைய வீட்டில், மூன்று துளைச் சாக்கெட்டின் எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பித் துண்டைப் போட்டு ‘எர்த் கொடுத்தாச்சு’ என்று சொல்லிப் போகும் வழக்கம் இருக்கிறது. சோதனை விளக்கு எரியும், வீட்டுக்காரர் திருப்தியடைவார். நியூட்ரல் வழியில் எங்காவது ப்யூஸ் போனாலோ, யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டாலோ, குளிர்பெட்டியின் கைப்பிடி 230 வோல்ட். அமெரிக்காவின் பழைய வீடுகளிலும் இதே குறுக்குவழி உண்டு. ‘பூட்லெக்’ எர்த் என்று அதற்குக் கள்ளச்சாராயத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே விதி தரும் மாற்று வழி நேர்மையானது: எர்த் இல்லாத இடத்தில், 5 மில்லியாம்பியர் அளவுக் கசிவிலேயே தட்டும் காப்புச் சாக்கெட்டைப் போட்டு, ‘எர்த் இணைப்பு இல்லை’ என்று அதன் மேல் ஒட்டிவிடலாம்.

அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே இப்போது இடம் மாறிக்கொண்டிருக்கிறது. புயல் நேரத்தில் ஓட்டும் சிறு ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நியூட்ரலை மாற்றாமல் இரண்டு உயிர்க்கம்பிகளை மட்டும் மாற்றும் சுவிட்சோடு அதை இணைத்தால், பிணைப்பு மெயின் பேனலில் ஏற்கனவே இருக்கிறது. ஜெனரேட்டருக்குள்ளும் நியூட்ரல் உடலோடு சேர்ந்திருந்தால் இரண்டு பிணைப்பாகி, அதிலுள்ள கசிவுக் காப்பு ஓட்டிய உடனே தட்டிவிடும். பலர் ஜெனரேட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பித் தருவது இதனால்தான். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச் என்றால் கணக்கு தலைகீழ்: அப்போது ஜெனரேட்டர் தனி ஊற்று, அதற்கென்று தனிப் பிணைப்பு இருந்தே ஆக வேண்டும்.

இன்னும் பெரிய மாற்றம் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கு, தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையாமலே மின்சாரத்தை நிறுத்த வசதியாக, வெளிச்சுவரில் அவசரத் துண்டிப்புச் சுவிட்ச் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்தச் சுவிட்சை வீட்டின் முதல் துண்டிப்பாகவே அமைத்தால், எல்லைக்கோடு வெளிச்சுவருக்கு நகர்ந்துவிடுகிறது. பச்சைத் திருகு இனி அங்கே இருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக மெயின் என்று அழைக்கப்பட்ட உள்பேனல் ஒரே நாளில் துணைப் பேனலாகிறது. வெளியிலிருந்து உள்ளே மூன்று கம்பிகள் வந்த இடத்தில் நான்கு வர வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரே பட்டையில் கலந்து கிடந்த வெள்ளைக் கம்பிகளையும் செம்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, செம்பையெல்லாம் புதிதாகப் பொருத்திய எர்த் பட்டைக்கு மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்க வழியும் உண்டு: வெளியிலுள்ள சுவிட்சின் மேல் அது அவசரத் துண்டிப்பு மட்டுமே, வீட்டின் முதல் துண்டிப்பு அல்ல என்று குறித்துவிட்டால், பிணைப்பு உள்ளேயே இருக்கலாம். எது என்று அந்தக் குறிப்பைப் படிக்காமல் சொல்ல முடியாது. மின்கலத்தோடு வரும் சூரியமின் அமைப்புகளில், மீட்டருக்கும் பேனலுக்கும் நடுவே மின் ஊற்றை மாற்றிவிடும் பெட்டி ஒன்றை நுழைக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது.

புதுப் பேனல் வாங்கும்போது பச்சைத் திருகு பெரும்பாலும் முறுக்கப்படாமல், சின்னப் பிளாஸ்டிக் பையில் தனியாகவே வருகிறது. பேனல் எந்தப் பக்கம் போய் உட்காரும் என்பது அதைச் செய்த தொழிற்சாலைக்குத் தெரியாது. துணைப் பேனலாகப் பொருத்தும் மின்பணியாளர்களில் சிலர் அந்தப் பையைத் தூக்கி எறியாமல், திருகோடு அப்படியே மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். பின்னால் மூடியைத் திறக்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.